படி போச்சு, பவுன் நிக்குது: எந்த மாற்றத்தை ஏத்துக்கிறோம், எதை ஏத்துக்க மாட்டேங்கிறோம்?

கல்லணைக்கரை:

ஒரு காலத்தில் படியால் அளந்து வாங்கிய அரிசியை இன்றைக்குக் கிலோவில் வாங்குகிறோம், எண்ணெயை லிட்டரில், துணியை மீட்டரில். அதே ஆள் நகைக்கடைக்குள் நுழைந்தால் பவுன். மனை பார்க்கப் போனால் சென்ட், சென்னை என்றால் கிரவுண்டு. ஆசாரியிடம் கதவு செய்யச் சொன்னால் அடி, இஞ்ச். பூ வாங்கினால் முழம். சட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். 1956-ல் நிறை, அளவைச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் வரத் தொடங்கின. 1962-க்குள் வீசையும் மணங்கும் கடையை விட்டுப் போயின. ஒரு பக்கம் சில வருஷத்தில் முழுசாக மாறிவிட்டோம். இன்னொரு பக்கம் அறுபது வருஷம் தாண்டியும் அசையவில்லை.

மாற்றம் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு நாம் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிற சமூகம். இன்னொரு கட்சிக்கு நாம் வந்ததையெல்லாம் வாரி அணைத்துக்கொண்டு சொந்தத்தைத் தொலைத்தவர்கள். ஒரே ஆள் ஒரே நாளில் கிலோவையும் முழத்தையும் சேர்த்துப் புழங்குகிறாரே, அதற்கு இரண்டு கட்சியிடமும் பதில் இல்லை.

1957 ஏப்ரல் 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்படி. அன்றைக்கு முதல் 100 நயா பைசா. ஒரு அணாவுக்குக் கணக்குப்படி 6¼ நயா பைசா வரும், ஆனால் கால் நயா பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஓரணாவுக்கு விற்ற சாமானைக் கடைக்காரர் 6 என்று வைத்தால் பதினாறு தடவை வாங்கினாலும் 96தான், வாங்குகிறவருக்கு லாபம். 7 என்று வைத்தால் 112. தினமும் கீரையும் வெற்றிலை பாக்கும் வாங்குகிற வீட்டில் இது சின்னக் கணக்கு இல்லை. போதாக்குறைக்கு, இது ரூபாயில் நூறில் ஒரு பங்கு என்ற விளக்கம் காசின் மேல் இந்தியில் இருந்தது. நம் ஊரில் அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

அப்படியும் பழகிவிட்டது. 1964-ல் ‘நயா’வையே எடுத்துவிட்டு வெறும் பைசா என்றார்கள். எப்படி நடந்தது? பழைய நாலணாவையும் எட்டணாவையும் யாரும் பிடுங்கவில்லை. அவை 25, 50 நயா பைசாவாக ஓடிக்கொண்டே இருந்தன. 50 என்று பொறித்த புதுக் காசு 1960-ல்தான் வந்தது. எழுத்துத் தெரியாதவருக்கும் கணக்கில் கால் ஊன்ற ஓர் இடம் இருந்தது. கையில் பழைய காசு, பக்கத்தில் புதுக் காசு, எதிரே கடைக்காரர். சரிபார்க்க யாரிடமும் போக வேண்டியதில்லை.

இதுதான் என் எண்ணம். புது ஏற்பாட்டைத் தன் கையால் சரிபார்த்துக்கொள்ள முடிகிற இடத்தில் ஜனங்கள் மாறிவிடுகிறார்கள். சரிபார்க்கிற அதிகாரம் வேறு யார் கைக்கோ போகிற இடத்தில் பிடிவாதமாக நிற்கிறார்கள். நிலம் அதற்குச் சாட்சி என்று நினைக்கிறேன். உங்கள் ஊரில் எப்படி?

சங்கிலிக்_காரர்:

நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்னதில் நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. சென்ட் ஒன்றும் நம் பாட்டன் சொத்து இல்லை. குழி, மா, வேலி, காணி இருந்த இடத்தில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்தது ஏக்கரும் சென்ட்டும். நிலம் அளக்கிற கண்டர் சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 லிங்க். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. இன்றைக்கு ‘பழைய வழக்கம்’ என்று நாம் விடாமல் பிடித்திருப்பதே ஒரு காலத்தில் சர்க்கார் திணித்த புது வழக்கம்தான். டெல்டாவில் இன்னமும் மா, வேலி என்று பேசுகிறவர்கள் உண்டு. மூணு மா ஒரு ஏக்கர் என்று வாய்க்கணக்கு.

1979 முதல் 1987 வரை யூ.டி.ஆர். நடந்தது, நில உடைமைப் பதிவேடுகளைத் திருத்தி எழுதிய வேலை. அதில்தான் கிராமக் கணக்கு ஹெக்டேருக்கும் ஏருக்கும் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்) மாறியது. பழைய புலப்படத்தில், அதாவது நில வரைபடத்தில், லிங்க்கில் இருந்த அளவு மீட்டருக்குப் போனது. அளவையில் தப்பில்லை, நல்ல அளவைதான். ஆனால் அந்தக் காகிதத்துக்கு வெளியே ஹெக்டேர் பேசுகிற ஆள் எங்கே? விலை பேசுவது சென்ட்டில். பாகம் பிரிப்பது ஏக்கரில். வரப்பில் நின்று அண்ணன் தம்பி சண்டை போடுவதும் சென்ட்டில்தான்.

பட்டாவில் 0.40.50 என்று இருக்கும். 40 ஏர், 50 சதுர மீட்டர். சரியாக ஒரு ஏக்கர். அதை ‘40 சென்ட்’ என்று படித்துவிட்டு, ‘என் ஒரு ஏக்கரைக் களவாடிட்டாங்க’ என்று கண் கலங்கி வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே மேசையில், நிஜமாகவே உட்பிரிவில் விட்டுப்போன ஆளும் வந்து நிற்பார். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் அழுவார்கள். யாருக்குக் கணக்குப் புரியவில்லை, யாருக்கு நிலம் போய்விட்டது என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. அதனால் அவர்கள் சென்ட்டை விட மாட்டேன் என்பதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெண்ணாறு:

//படி போச்சு//

தலைப்பிலேயே ஒரு ஏக்கம் தெரியுது தோழர். எங்க வீட்டுல படி போச்சேன்னு யாரும் அழல.

எங்க ஆளுங்க கூலி வாங்கினது நெல்லுல. அளந்தது பண்ணையோட மரக்கால். நெல்லுக்குள்ள மரக்காலை அழுத்திக் குத்தி எடுத்தா ஒரு அளவு, மேலாப்புல அள்ளினா ஒரு அளவு. வாங்குறப்ப கோபுரமா குவிச்சு வாங்குவாங்க, குடுக்குறப்ப விளிம்போட தலையை வழிச்சுத் தட்டுவாங்க. குத்தகை அளக்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால்னு ரெண்டு வச்சிருந்த பண்ணைங்க உண்டுன்னு எங்க பெரியவங்க சொல்வாங்க. பேரு ஒன்னு, கொள்ளளவு வேற. கேக்க வாயில்ல. ஊருக்கு ஊரு படியே வேற, இதுல எதை வச்சு நியாயம் கேக்குறது?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேரு ஒரே குடிசையில எரிஞ்சு செத்தாங்க, பெரும்பாலும் பொம்பளைங்களும் புள்ளைங்களும். செங்கொடிச் சங்கத்துல நின்னதும், கூலியில அரைப்படி நெல்லு கூடக் கேட்டதும்தான் அதுக்குப் பின்னணி. அந்த அரைப்படியை மனசுல வச்சுக்கிட்டுத்தான் நான் இந்த இழையைப் படிக்கிறேன்.

‘சமூகம் மாற்றத்தை எப்படிப் பார்க்குது’ன்னு கேக்குறீங்க. சமூகம்னா யாரு? மரக்காலைக் கையில வச்சிருந்தவருக்கு கிலோ வந்தது இடைஞ்சல். ஏந்தி நின்னவருக்கு கிலோ ஒரு பிடிமானம். எடைக்கல்லுலயும் தில்லுமுல்லு பண்ணுவாங்க, இல்லைங்கல. ஆனா முத்திரை குத்தின கல்லு எல்லா ஊருலயும் ஒன்னுதான். அடுத்த ஊரு கடைக்குக் கொண்டுபோய் திரும்ப நிறுத்துப் பாக்கலாம். பண்ணை மரக்காலை எங்க கொண்டுபோய்ப் பாக்குறது?

உங்க கருத்து தப்புன்னு சொல்ல வரல. ‘தன் கையால சரிபார்க்குறது’ன்னு சொன்னீங்களே, அது பழைய ஏற்பாட்டுல எல்லாருக்கும் இருந்த மாதிரி எழுதிட்டீங்க. எங்களுக்கு அது புதுசுலதான் கிடைச்சுது.

கல்வெட்டுப்_பித்தன்:

ஒரு சின்னச் சேர்க்கை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். அது ராஜகேசரி என்ற அளவுக்கு ஒத்தது என்றும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். பொன்னை நிறுத்த கல்லின் பெயரும் ஆடவல்லான். மணிகளை நிறுத்த கல் தட்சிணமேரு விடங்கன். இரண்டும் சாமி பெயர்கள். பல கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தையே கோடாகக் கீறி வைத்திருக்கிறார்கள். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கோலைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சுவரின் அருகே போக எல்லாச் சாதிக்கும் உரிமை இருந்ததா என்ற கேள்வியை வெண்ணாறு கேட்பார், கேட்கவும் வேண்டும்.

வெண்ணாறு:

கேட்டாச்சு ஐயா. பதில் உங்களுக்கே தெரியும்.

மாட்டுத்தாவணி_மல்லி:

எங்கம்மா மதுரையில பூ கட்டி வித்தவங்க. நானும் கட்டுவேன். முழத்தைப் பத்தி எல்லாரும் பேசுறீங்க, பூக்காரி வீட்டுல இருந்து ஒருத்தி சொல்றேன்.

மார்க்கெட்ல மல்லி கிலோவுலதான் வரும். விலையும் கிலோவுக்குத்தான் ஏறும் இறங்கும், முகூர்த்த நாள்ல எங்கயோ போய் நிக்கும். நாங்க கிலோவுல வாங்கி முழத்துல விக்கிறோம். நடுவுல இருக்கறது எங்க விரலும் நாரும். நெருக்கிக் கட்டினா ஒரு கிலோவுக்கு முழம் குறையும், தளர்த்திக் கட்டினா கூடும். வாங்குறவங்க அதைப் பாத்த உடனே கண்டுபிடிச்சுருவாங்க. ‘என்னக்கா, நார்தான் தெரியுது’ன்னு மூஞ்சிக்கு நேரா கேப்பாங்க. முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் இழுத்து அளக்குறப்ப அவங்க கண்ணு எங்க கை மேலயேதான் இருக்கும். அளந்து முடிச்சு ரெண்டு கண்ணி கூட விட்டு அறுக்கணும். அந்த ரெண்டு கண்ணி விடலைன்னா அடுத்த நாள் அடுத்த கடைக்குப் போயிருவாங்க.

எங்கம்மா கை சின்னது. அதனால முழத்துக்கு மேல நாலு விரக்கடை சேர்த்தேதான் குடுப்பாங்க, யாரும் கேக்காமயே. பக்கத்துக் கடை அக்கா நல்ல உயரம், அவங்க முழம் முழமாவே இருக்கும். ஆனா கூடுதலா ஒன்னும் வராது. ரெண்டு கடைக்கும் வாடிக்கை இருந்துச்சு.

சென்டிமீட்டர் ஸ்கேல் வச்சு வித்தா ஞாயமா இருக்குமேன்னு ஒரு காலேஜ் பையன் சொன்னான். தலையில வைக்கிற பூவுக்கு எவ்வளவு நெருக்கம்கறதுதான் கணக்கு, நீளம் அப்புறம்தான். ஸ்கேல் வந்தா நீளம் சரியா இருக்கும், கட்டு தளர்ந்துரும். எங்களுக்குக் கிலோ மேல கோவம் கிடையாது. மார்க்கெட்ல எலெக்ட்ரானிக் தராசு வந்தப்ப முதல்ல சந்தோஷப்பட்டது நாங்கதான். ஈரத்தைத் தெளிச்சு எடை கூட்டுறது மட்டும் இன்னும் நிக்கல.

வடமராட்சிக்_காற்று:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். எங்கட பக்கம் நாணயத்தில் இந்தப் பிரச்சினை உங்களுக்கு முன்னமே முடிஞ்சுது. 1872இலேயே ரூபாயும் சதமும் வந்திட்டுது, நூறு சதம் ஒரு ரூபாய். அணா எண்டது எங்கட பெரிசுகளுக்கே தெரியாது.

காணிக்கு மட்டும் இண்டைக்கும் பரப்புத்தான். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்புக்குப் பத்துப் பேர்ச். கொழும்பில் காணி வாங்கப் போனால் பேர்ச் கணக்கில் சொல்லுவினம், நாங்கள் மனசுக்குள்ளே பத்தால் பிரிச்சுப் பார்ப்பம். உறுதியிலும், அதாவது காணிப் பத்திரத்திலும், பரப்பு எண்டுதான் எழுதிக் கிடக்கும்.

இதில் நான் சொல்ல வாறது வேற விசயம். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போய், பல வருசம் கழிச்சுத் திரும்பி வந்த சனம் கனபேருக்கு வீடு இல்லை, வேலி இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. கையில் இருந்தது உறுதி மட்டும்தான், சில பேருக்கு அதுவும் இல்லை. ‘கிணத்தடியில இருந்து கிழக்கால நாலு பரப்பு, அதில பங்குக் கிணறு’ எண்டு அம்மம்மாமார் வாயால் சொன்ன கணக்குத்தான் எல்லையைத் திருப்பி எடுக்க உதவினது. அயலட்டையும் அதே பரப்பில்தான் ஞாபகம் வச்சிருந்தது. எல்லாம் ஹெக்டேரில் மட்டும் இருந்திருந்தால், ஆர் ஞாபகம் வச்சிருந்திருப்பினம்? பழைய அளவையை விடாமல் பிடிச்சிருக்கிற சனத்துக்குச் சில நேரம் அதைவிட வேறு சாட்சி இல்லை.

ஈஸ்ட்ஹாம்_வாசி:

லண்டனில் இருந்து ஒரு ஒப்பீடு. நம் சமூகத்துக்கு மட்டும் உள்ள குணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

இங்கே 1971 பிப்ரவரி 15 வரை பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்னி. அன்றைக்குத்தான் 100 பென்னியாக மாற்றினார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1968-ல், 5 பென்னி, 10 பென்னி நாணயங்களை விட்டார்கள். ஒன்று பழைய ஒரு ஷில்லிங், மற்றது இரண்டு ஷில்லிங், அதே அளவு, அதே மதிப்பு. கல்லணைக்கரை சொன்ன நாலணா உத்தியேதான், இங்கே முன்கூட்டியே செய்தார்கள்.

காசு மாறியது. ஆனால் சாலைப் பலகை இன்றும் மைல். பப்பில் பியர் பைன்ட். 2001-ல் சண்டர்லாந்து நகரத்தில் ஒரு பழ வியாபாரி வாழைப்பழத்தைப் பவுண்டு எடையில் நிறுத்து விற்றதற்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மெட்ரிக் எதிர்ப்பாளர்கள் அவரைத் தியாகியாக்கிவிட்டார்கள். பிரான்ஸில் இன்னும் பழைய கதை. புரட்சிக் காலத்தில் 1795-ல் மீட்டரைச் சட்டமாக்கினார்கள். ஜனங்கள் ஏற்கவில்லை. 1812-ல் நெப்போலியன் பழைய பெயர்களைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார். 1840-ல்தான் மீட்டர் முழுசாகக் கட்டாயமானது. மீட்டரைப் பெற்ற நாட்டுக்கே 45 வருஷம்.

பவுனைப் பற்றி யாரும் பேசவில்லையே? நம் பவுன் என்பது இங்கிலாந்து சவரன் நாணயத்தின் எடை, 7.98 கிராம். அதை 8 கிராம் என்று நிரவிவிட்டார்கள். பெயர் பழசு, உள்ளே இருப்பது கிராம். தராசில் மெட்ரிக், பேச்சில் பவுன். கல்யாணப் பேச்சில் ‘நூற்றறுபது கிராம் போடுறோம்’ என்று யாரும் சொல்வதில்லை.

மளிகை_சில்லறை:

வேலூர்ப் பக்கம் கடை வச்சிருக்கேன். கல்லணைக்கரை சார் கருத்துல எனக்கு ஒரு நெருடல் இருக்கு.

கையில வச்சுப் பாக்க முடிஞ்சா ஏத்துக்குவாங்கன்னீங்க. பத்து ரூபா காயினைப் பாருங்க. கையில இருக்குது, அரசாங்கம் அடிச்சது, எடை இருக்குது, கனம் இருக்குது. ஆனா இந்தப் பக்கம் வருஷக்கணக்கா யாரும் வாங்கல. பத்துக் கோடு இருந்தா நல்லது, பதினஞ்சு கோடு இருந்தா கள்ளக்காசுன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. ரூபா குறி இருக்கறது செல்லும், இல்லாதது செல்லாதுன்னு இன்னொரு பேச்சு. 2018 ஜனவரியில ரிசர்வ் வங்கியே, 14 வடிவமும் செல்லும்னு அறிக்கை விட்டுச்சு. அந்த அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து கடையில ஒட்டி வச்சேன். கஸ்டமர் படிச்சுப் பாத்துட்டு, ‘அதெல்லாம் சரிண்ணே, நோட்டா குடுங்க’ங்கறாங்க.

அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஏன்னா நானும் மொத்தக் கடைக்குக் கொண்டுபோனா அவரு வாங்கறதில்ல. அவரு வாங்கினா நான் வாங்குவேன், நான் வாங்கினா கஸ்டமர் வாங்குவாங்க. அம்பது பைசாவும் இப்படித்தான் ஆச்சு. 2011 ஜூன் 30-ஓட நிறுத்தினது 25 பைசாவையும் அதுக்குக் கீழ உள்ளதையும்தான். அம்பது பைசா இன்னைக்கும் சட்டப்படி செல்லும். கடையில குடுத்துப் பாருங்க தெரியும்.

கல்லணைக்கரை:

மளிகை அண்ணன் சொன்னது என் கருத்தில் விட்டுப்போன பக்கம். காசு என் கையில் இருந்தால் மட்டும் போதாது, அடுத்தவர் அதை வாங்குவார் என்ற நிச்சயமும் வேண்டும். நயா பைசாவுக்கு அந்த நிச்சயத்தைக் கொடுத்தது பழைய நாலணாதான் என்று இன்னமும் நினைக்கிறேன். ரெண்டும் ஒரே கல்லாப்பெட்டியில் கிடந்தது. பத்து ரூபாய்க் காசுக்கு அப்படிக் கூடவே நிற்கத் துணை இல்லை, நோட்டு அதற்குப் போட்டியாக இருந்தது.

வெண்ணாறு தோழர், நீங்கள் எழுதியதைப் பல முறை படித்தேன். அளவுகோல் யார் கையில் என்பதை விட்டுவிட்டு ‘சமூகத்தின் மனநிலை’ என்று பேசினால், மரக்கால் வைத்திருந்தவர் மனநிலையைத்தான் ஊருடையது என்று எழுதிவிடுவோம். வடமராட்சிக்காரர் பரப்பை விட மாட்டேன் என்பதும், உங்கள் வீட்டில் படியைக் கழித்துவிட்டதும் ஒரே காரணத்துக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. இரண்டு பேரும் தன் பங்கை யாரும் மறுக்க முடியாத அளவையைத் தேடியிருக்கிறார்கள். ஒருவருக்கு அது பழசில் கிடைத்தது, இன்னொருவருக்குப் புதுசில்.

புதுமனை_தேடி:

தலைப்புக்குக் கொஞ்சம் விலகின கேள்வி, மன்னிக்கவும். சங்கிலிக்காரர் ஐயாவுக்கு. ஊர்ல ஒரு இடம் பார்த்திருக்கோம். பட்டாவுல 0.12.50 இருக்கு. விக்கிறவர் 32 சென்ட்னு சொல்றார். பழைய பத்திரத்துலயும் 32 சென்ட்தான். எதை நம்புறது?

சங்கிலிக்_காரர்:

விலகின கேள்வி இல்லை அம்மா, இதே கேள்விதான்.

12.50 ஏரை 2.47-ஆல் பெருக்குங்கள். 30.9 சென்ட் வரும். 32 இல்லை. ஒரு சென்ட்டுக்கு மேல் இடிக்கிறது. பத்திரம் எழுதின காலத்தில் கண்மதிப்பாகப் போட்டிருக்கலாம், உட்பிரிவின்போது குறைந்திருக்கலாம், பக்கத்து வரப்பு நகர்ந்தும் இருக்கலாம். காகிதத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

புலப்பட நகல் வாங்குங்கள். அதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நீளம் மீட்டரில் இருக்கும். மனுப் போட்டு, கட்டணம் கட்டி, சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரர்கள் கூட இருக்கட்டும், நீங்களும் டேப்பின் ஒரு முனையைப் பிடியுங்கள். விலையை அளந்து வந்த சென்ட்டுக்குத்தான் பேச வேண்டும். பத்திரம் எழுதும்போது சொத்து விவரத்தில் ஹெக்டேர்-ஏர், சென்ட் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். நான்கு எல்லையும், பக்க நீளமும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் ஒன்று போதும் என்பார், விடாதீர்கள்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா?

புதுமனை_தேடி:

இல்லைங்க ஐயா. வெள்ளிக்கிழமை குடுக்கறதா இருந்துச்சு. அளந்துட்டே குடுக்கிறோம்.